ஆகாய விமானமும் அடுப்பங்கரையும்

பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்குப் பஸ்ஸில் பிரயாணம் செய்தவர்கள், பசறையைக் கடந்து பதல்கும்புரைப் பக்கம் பாதை இறங்கத் தொடங்கியதும், தேயிலை மலைகள் மெல்ல மெல்லப் பின்வாங்க, இறப்பர் மரங்களின் நிழல் இருபுறமும் சூழ்ந்துகொள்வதையும், காற்றிலிருந்த குளிர்ச்சி அகன்று தாழ்நிலத்து வெக்கை முகத்தில் படுவதையும் கட்டாயம் கவனித்திருப்பார்கள். அந்த இறக்கத்தில் எனக்கு முன்னாசனத்தில் அமர்ந்திருந்த தோட்டத்துச் சிநேகிதிகள் இருவர், ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஆகாய விமானத்தையும் வீட்டுச் சமையலையும் பற்றி மாறி மாறிப் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். இளையவர் முதற்பிரயாணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர்.

“பிளேன்ல சோறு தந்தாங்க புள்ள, ஒரு வாய்க்கு மேல எறங்கல. உப்புமில்ல, ஒறப்புமில்ல.”

“அப்ப என்னாக்கா செஞ்சீங்க?”

“அம்மா கட்டிக் குடுத்த ரொட்டி இருந்துச்சு. அதத்தான் தின்னேன். பக்கத்துல இருந்த புள்ளைக்கும் பாதி குடுத்தேன்.”

“கட்டசம்பல உள்ள கொண்டு போக விடுவாங்களா?”

“போத்தல்ல போட்டா எடுத்துருவாங்க. ரொட்டிக்குள்ளயே தடவிச் சுருட்டிக்க.”

பொழுது போக்குவதற்காகப் பேசப்பட்டதுபோல் தோன்றும் இவ்வார்த்தைகளை ஊர்க்கதை என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. பதுளை, மொனராகலை மாவட்டங்கள் அடங்கிய ஊவாத் தோட்டங்களின் சரித்திரத்தில் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக் காலமாகப் பிரயாணமும் உணவும் ஒன்றையொன்று பிரியாமல் வந்திருக்கின்றன என்பதும், அந்தச் சரித்திரம் எந்தக் கந்தோரின் கோப்பிலும் முழுமையாக எழுதப்படாமல், பீலிக்கரையிலும் கொழுந்து மலையிலும் பஸ் ஆசனத்திலும் நிகழும் இத்தகைய சம்பாஷணைகளிலேயே தங்கியிருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம். அதனை இயன்ற மட்டும் ஆதாரங்களோடு விளக்க முயல்கிறேன்.

முதற்பிரயாணம் கால்நடையாக நிகழ்ந்தது. 1823இல் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்காபிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு, தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், மக்கள் நடமாட்டமற்ற காட்டுப் பாதையிலே நாட்கணக்காக நடந்து மாத்தளையை அடைந்தார்கள். ஊவாவுக்கு விதிக்கப்பட்டவர்களோ அதற்கப்பாலும் மலைத்தொடர்களைத் தாண்டி நடக்க வேண்டியவர்களாயிருந்தார்கள். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானவர்களின் தொகையை எவரும் சரிவர எண்ணி வைக்கவில்லை. அந்த நடையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் மலையக மக்கள் மீண்டும் நடந்து சென்றதை வாசகர்கள் அறிவார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கி, இருகரையிலும் ரயில் வந்து சேர்ந்த பிறகு, மண்டபம் முகாமிலே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, முகாம் சோறு உண்டு, ஆள் திரட்டிய கங்காணியின் பின்னே புறப்பட்டு வருவது வழக்கமாயிற்று. பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலும் ரயில் எட்டியது. இவ்வாறு வந்தவர்களுக்குக் கங்காணி கொடுத்த முற்பணம் அவர்கள் மலையேறு முன்னரே கடனாகக் கணக்கில் ஏறியிருந்தது. இன்று அரபு நாடுகளுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சிகள் சில, புறப்படும் பெண்ணின் கையில் ஒரு தொகையை முன்கூட்டியே வைத்து, அதன் பின் அவள் மனம் மாற இயலாதபடி செய்துவிடுவதைப் பார்க்கும்போது, பழைய கங்காணியின் முற்பணம் புதிய பெயரோடு திரும்பி வந்ததாகவே நான் கருதுகிறேன்.

ஆகாய மார்க்கம் இத்தேசத்தில் திறக்கப்பட்டபோது தோட்டத்து ஜனங்களுக்கு அதில் யாதொரு பங்கும் இருக்கவில்லை. எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10ஆந் திகதி இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குச் சென்றது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, அந்தச் சென்னை ராஜதானியிலிருந்து வந்தவர்களின் மக்களையும் பேரர்களையும் நாடற்றவர்களாக்கிவிட்டது. விமானத்தில் ஏறக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் பிரஜாவுரிமை வேண்டும். 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியை நிர்ணயிக்க முனைந்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு பேச்சுவார்த்தைக்கு ஒத்திவைத்தபோது, இந்தியாவுக்கென்று குறிக்கப்பட்டவர்கள் போனதும் கப்பலில்தான். பதுளையிலே ரயிலேறித் தலைமன்னார் வரை அழுதுகொண்டே போன அந்தக் குடும்பங்கள், கூப்பன் அரிசியில் ஆக்கிய புளிச்சோற்றையும் ரொட்டியையும் வழிக்குக் கட்டிக்கொண்டு போனதை, இங்கே எஞ்சி நின்ற உறவினர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

1970களின் பிற்பகுதியில் அரபு தேசங்கள் வீட்டு வேலைக்குப் பெண்களை அழைக்கத் தொடங்கி, கிராமத்துச் சிங்களப் பெண்களும் கரையோரத்து முஸ்லிம் பெண்களும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பிரயாணமான அந்த ஆண்டுகளிலே, தோட்டப் பெண்களில் பலர் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் நின்றார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் சட்டத்தின் மூலம் ஸ்தாபிக்கப்பட்டது; எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டங்களோ 1986இலும் 1988இலும் 2003இலும்தான் வந்தன. ஆகவே ஊவாத் தோட்டப் பெண் விமானத்தைப் பற்றிப் பேசுகிறாள் என்றால், அந்தப் பேச்சுக்கு நாற்பது, ஐம்பது ஆண்டுக் காத்திருப்பு இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இனி, அந்த மூத்த பெண் சொன்ன “உப்புமில்ல, ஒறப்புமில்ல” என்ற முறைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். விமானச் சாப்பாட்டைப் பற்றிய இந்தக் குறை உலகெங்கும் உள்ளது; அதற்குச் சாஸ்திரீயமான காரணமும் உண்டு. ஏறத்தாழ 11,000 மீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் உள்ளே, பிரயாணிகள் சுவாசிக்கும் பொருட்டுக் காற்று அழுத்தி நிரப்பப்படுகிறது. ஆயினும் கடல்மட்டத்து அழுத்தம் அங்கே பேணப்படுவதில்லை. 1,800 மீற்றர் முதல் 2,400 மீற்றர் வரையிலான மலையுச்சி ஒன்றில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவே விமானத்தினுள் இருக்கும். பசறைக்கு மேலே நிற்கும் நமுனுகுலை மலையின் உயரம் 2,036 மீற்றர். அதாவது, குவைத்துக்குப் போகும் பெண் அந்த ஐந்தாறு மணி நேரமும் காற்றழுத்தத்தின் கணக்கில் நமுனுகுலை உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ஊவாப் பெண்ணுக்கு உயரம் புதியதன்று. அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. கொழும்பில் சீக்கிரமாக வெந்துவிடும் பருப்பு மலையில் அவ்வாறு வேகாமல் விறகை விழுங்குவதும், கீழ்நாட்டிலிருந்து மணமாகி வந்த மருமகள் முதல் மாதத்தில் வேகாத பருப்பைப் பரிமாறிக் கண்கலங்குவதும், மாமியார் அதை முன்னிரவே ஊறப்போடக் கற்றுக்கொடுப்பதும் இதனால்தான். விமானத்திலே 92, 93 பாகையில் கொதிக்கும் தண்ணீரில் தேயிலையைப் போட்டால் சாயம் சரியாக இறங்காது. தேயிலையோடு பிறந்து வளர்ந்தவள் அந்தத் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்ததும் குறையை அறிந்துகொள்வாள். உயரத்தோடு வறட்சியும் நாவுக்குச் சத்துரு. விமானக் காற்றின் ஈரப்பதன் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. மூக்கின் உட்புறம் உலர்ந்தால் மணம் தெரியாது; மணம் தெரியாவிட்டால் ருசியில் பெரும்பகுதி இல்லாமற் போகிறது; இயந்திரத்தின் ஓயாத இரைச்சலும் நாவின் உணர்ச்சியை மழுக்குகிறது. ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்தார் 2010ஆம் ஆண்டளவில் லுஃப்தான்சா நிறுவனத்துக்காகச் செய்த பரிசோதனையில், உப்பை உணரும் சக்தி 20 முதல் 30 விழுக்காடும், இனிப்பை உணரும் சக்தி 15 முதல் 20 விழுக்காடும் குறைவதாகக் கண்டார்கள். புளிப்பும் கசப்பும் காரமும் அவ்வளவாகக் குறைவதில்லை.

இங்கே நான் சற்றுத் தாமதிக்க விரும்புகிறேன். ஆடி, ஆவணி மாதங்களில் ஊவா மலைச்சரிவில் வீசும் வறண்ட கச்சான் காற்றுத்தான் அப்பகுதித் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் வாங்கிக் கொடுத்த வாசனையைக் கொழுந்திலே திரட்டுகிறது. ஓரிடத்தில் இலைக்கு வாசனையைக் கொடுக்கும் அதே வறட்சி, இன்னோரிடத்தில் அந்த இலையைப் பறித்தவளின் நாவிலிருந்து வாசனையைப் பறித்துவிடுகிறது. அவளோ செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் மாசியும் உப்பும் சேர்த்து அம்மியில் அரைத்து, தேசிக்காய் பிழிந்த கட்டசம்பலைத் தன் ரொட்டிக்குள் தடவிக்கொண்டு வந்திருக்கிறாள். காரமும் புளிப்பும், அவற்றோடு மாசியின் ஆழ்ந்த ருசியும், வானத்திலே மங்காமல் நிற்பவை. பரிசோதனைச்சாலையில் கண்டறிந்ததை அவளுடைய தாய் அடுப்பங்கரையிலே கண்டறிந்து வைத்திருந்தாள் என்று சொல்வது மிகையாகாது.

அந்த ரொட்டிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது மனத்தை வருத்துவது. தோட்டத்துக்கு முதலில் வந்தவர்கள் சோறும் கூழும் உண்ட ஜனங்கள். அவர்களுடைய சம்பளத்தின் ஒரு பகுதியை அரிசியாகவே கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் வழக்கமாயிருந்தது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டம் சம்பளத்துக்கு வரம்பு கட்டியபோது, அந்த அரிசி என்ன விலைக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்பதையும் ஏற்பாடு செய்தது. அரிசியோ பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைக் கைப்பற்றியதும் கப்பல்கள் நின்றன; அரிசி பங்கீட்டுக்கு வந்தது; அதன் இடத்தில் கோதுமை மா வந்தது. யுத்தம் முடிந்த பின்பும் மா போகவில்லை. அமெரிக்காவின் 1954ஆம் ஆண்டு உணவு உதவிச் சட்டத்தின் கீழ் அது வந்தது; 1980இல் திருகோணமலையில் சிங்கப்பூர் நிறுவனமான பிறிமாவின் ஆலை இயங்கத் தொடங்கியதும் இன்னும் பெருகியது. இடையில் 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலே, பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டு, காட்டுக் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று தோட்டங்களில் மாண்டவர்கள் அநேகர்.

ரொட்டி நிலைத்து நின்றதற்கு வேலையின் ஒழுங்கும் காரணம். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓடவேண்டிய பெண், ஒற்றைக் காம்பிராவின் மூலையில், புகைகிற அடுப்பின் முன்னே, சோறாக்கிக் கறியாக்கப் பொழுதில்லாமல், மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, தடிப்பாகத் தட்டிக் கல்லில் போட்டு, வெந்ததைத் துணியில் முடிந்துகொண்டு மலைக்குப் போனாள். ஒரு கையால் பிடித்துத் தின்னலாம், குழம்பு வேண்டாம், பாத்திரம் வேண்டாம், மத்தியானம் வரைக்கும் கெடாது, வயிற்றை அடைத்து நிற்கும். கொழுந்து மலைக்காக உண்டான இந்த உணவு, அதே குணங்களினாலேயே விமான ஆசனத்துக்கும் பொருந்திவிட்டது. கடலிலும் பாதையிலும் கட்டிக்கொண்டு வந்திருக்கக்கூடிய சோற்று முடிச்சு ஒரு யுத்தத்தினால் ரொட்டி முடிச்சாயிற்று. முடிச்சுப் போடுகிற தாயின் கை மட்டும் மாறவில்லை.

எதை எடுத்துச் செல்லலாம், எதை எடுத்துச் செல்லலாகாது என்பது இச்சம்பாஷணைகளின் மிகப் பிரயோசனமான பகுதி. 2006 ஆகஸ்டில் இலண்டனில் வெளியான வெடிமருந்துச் சதிக்குப் பின், கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவமோ களிம்போ கொண்டு செல்ல உலகெங்கும் தடை வந்தது. எண்ணெய் மிதக்கும் சம்பலும் ஊறுகாயும் அத்தடைக்குள் அடங்கும். வறுத்து இடித்த மிளகாய்த்தூளும், பொரித்த நெத்தலியும், தேயிலைப் பக்கற்றும் பெட்டியில் போகும். எல்லாவற்றிலும் முக்கியமானது கசகசாவைப் பற்றிய எச்சரிக்கை. அந்தக் குழம்புச் சாமானை ஐக்கிய அரபு இராச்சியமும் சவூதி அரேபியாவும் போதைப்பொருளின் வரிசையிலே வைத்திருக்கின்றன. அறியாமல் எடுத்துச் சென்றவர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். வெற்றிலையும் பாக்கும் துபாயிலே தடை செய்யப்பட்டவை. கொழுந்துக் கூடையோடு வெற்றிலைப் பையையும் இடுப்பில் செருகிப் பழகிய ஒரு பெண்ணுக்கு இந்த ஒரு செய்தி எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து காப்பளிக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். அன்று அந்த மூத்தவர், “வெத்தலப் பைய வூட்டுலயே வச்சிட்டுப் போ. மறந்துகூட எடுத்துராத,” என்று இளையவரின் கையைப் பிடித்துச் சொன்னார். புறப்படுவோருக்கான பயிற்சி வகுப்பில் அச்சிட்டுக் கொடுக்கும் காகிதத்தைக் காட்டிலும் அந்தக் கைப்பிடி ஆழமாகப் பதிந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

போய்ச் சேர்ந்த இடத்தில் அவள் செய்வதும் சமையலே. ஆனால் அது பிறருடைய வீட்டுச் சமையல். கப்சா, மஜ்பூஸ் என்ற அரபுச் சோற்று வகைகளையும் குப்பூஸ் ரொட்டியையும் கற்றுக்கொள்கிறாள். திரும்பி வந்து ஏலமும் கறுவாவும் தாராளமாகப் போட்டுக் கோழிச்சோறு ஆக்கிப் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறாள். பதுளை, மொனராகலைத் தோட்டங்களிலே சில வீடுகளில் பெருநாள் விருந்துக்கு இவ்வுணவு வந்துவிட்டது. அவள் இல்லாத இரண்டு ஆண்டுகளிலோ அந்த வீட்டின் அடுப்பை மூட்டுபவள் ஆயுள் முழுவதும் மலையேறி முழங்கால் தேய்ந்த பாட்டி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இன்றியிருக்க, தோட்டத் துறையிலே அத்தகைய பிள்ளைகள் சுமார் 32 விழுக்காடு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார் வீட்டு வேலைக்குப் போகக் கூடாதென்று 2013இல் அரசாங்கம் சுற்றுநிருபம் வெளியிட்டது. குழந்தையின் நலன் கருதிய ஏற்பாடு என்றே அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. அந்தக் குழந்தையின் தட்டில் என்ன விழும் என்பதற்கு அச்சுற்றுநிருபத்தில் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்குவதற்கே 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்த ஓர் இடத்தில், தாயை மட்டும் தடுத்து வைத்து, சம்பளத்தை அப்படியே விட்டுவிட்டது நியாயமாகாது என்பதே என் தீர்மானமான கருத்து.

மொனராகலைக்காரருக்கு இன்னொரு விமான நிலையமும் அருகில் உண்டு. 2013 மார்ச் 18இல் அம்பாந்தோட்டை மாவட்டத்து மத்தளவில் பெரும் பொருட்செலவில் ஒரு சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. வெல்லவாய, தணமல்வில வழியாகச் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய அது, இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து கட்டுநாயக்கவுக்குப் போகும் கஷ்டத்தைத் தீர்க்கும் என்று இப்பகுதியார் நம்பினார்கள். 2015 ஜனவரியிலே தேசிய விமான நிறுவனம் அங்கிருந்து தன் சேவையை நிறுத்திக்கொண்டது. அவ்வாண்டில் அந்நிலையத்தின் சரக்குக் களஞ்சியத்தில் நெல் சேமிக்கப்பட்டது. தோட்டத்துப் பெண்கள் இப்போதும் கட்டுநாயக்கவுக்கே போகிறார்கள்.

மண்டபம் முகாமைக் கடந்து வந்த தலைமுறை போய்விட்டது. அந்த முகாமின் சோறு எப்படியிருந்தது, தோணியில் எதை முடிந்துகொண்டு வந்தார்கள், மலையேறிய முதல் நாளில் எதை அடுப்பிலேற்றினார்கள் என்று கேட்டு எழுத அந்நாளில் எவருக்கும் தோன்றவில்லை. துரைமாரின் நாட்குறிப்புகள் இருக்கின்றன, கங்காணியின் கணக்குகள் இருக்கின்றன, சமைத்தவளின் வார்த்தை இல்லை. அதே பிழையை நாம் இரண்டாந் தடவை செய்யலாகாது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, மொனராகலைப் பகுதிகளின் தமிழ்ப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: வெளிநாடு போய் வந்த தாய்மாரும் அக்காமாரும் உங்கள் மாணவர் வீடுகளில் இருக்கிறார்கள். விமானத்தில் என்ன தின்றார்கள், யாரோடு பகிர்ந்தார்கள், பெட்டியில் எது போனது, எது பிடுங்கப்பட்டது, அங்கே எதைச் சமைத்தார்கள், இங்கே எதற்கு ஏங்கினார்கள் என்று பிள்ளைகள் கேட்டு, அவர்கள் பேசும் பேச்சிலேயே, ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். இந்த ஆண்டே தொடங்குங்கள்.